ராக்கெட்டுக்கு விமானம் ஏற அனுமதி இல்லை

இந்திய வரைபடத்தில் சிவகாசியின் மேல் அளவுகோலின் ஒரு நுனியை வைத்து, மறுநுனியை டெல்லிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அளவுகோல் அநேகமாக நிமிர்ந்தே நிற்கும். சிவகாசி கிழக்குத் தீர்க்கரேகை 77.8 பாகையில் இருக்கிறது, டெல்லி 77.2-இல். ஒன்றுக்கு மற்றது நேர் வடக்கு என்றே சொல்லிவிடலாம். வானத்தில் அளந்தால் நடுவில் சுமார் 2,120 கிலோமீட்டர். மதுரையில் ஏறி வழியில் எங்கும் இறங்காமல் போகிற ஜெட் விமானத்துக்கு அது மூன்று மணி நேரப் பாடு. காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பியவர் மதியம் அங்கே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

எம். புதுப்பட்டிப் பக்கத்து ஆலை ஒன்றில் உருவாகிற ராக்கெட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அட்டைப்பெட்டிக்குப் பத்து என்று அடுக்கப்பட்டு, டெல்லிக் கடைக்காரர் ஒருவருக்காக அது கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பறப்பதற்கென்றே செய்த பொருள். ஆனால் டெல்லி போய்ச் சேர அதற்கு ஐந்தாறு நாள் ஆகும், அதுவும் சாலை வழியாக. போய்ச் சேருமா என்பதே சில வருடங்களாக வேறு கேள்வி.

எம். புதுப்பட்டி சிவகாசி வட்டாரக் கிராமம். கரிசல் பூமி, சீமைக்கருவேலம், மழை குறைச்சல், வெயில் தாராளம். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கலர் மத்தாப்பும் பட்டாசும் அச்சுத் தொழிலும் அதன் பின்னால் வந்தவை. வெடிபொருள் விதிகள் 1940-இல் வந்து உரிமம் கட்டாயமானதும் ஆலைகள் முறையாக எழுந்தன. இன்று விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள். இத்தனைக்கும் விவசாயம் கைகொடுக்காத மண் ஒரு காரணம். செய்ததைக் காயவைக்கிற வெயில் இன்னொன்று. மழைக்காரு கண்டால் மற்ற ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். இங்கே காயவைக்கும் மேடையைப் பார்த்து ஓடுவார்கள்.

ஆலைக்குள் நுழைகிறவர் முதலில் கவனிப்பது வெற்றிடத்தை. பெரிய கூடம், நீண்ட மேசை, வரிசையாக ஆட்கள் என்று எதுவும் இல்லை. பொட்டல்காட்டில் தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன அறைகள்தான். கலவை அறை, மருந்து செலுத்தும் அறை, திரி வைக்கும் அறை, இருப்பு அறை என்று ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். எதிரெதிர்ப் பக்கம் வாசல்கள், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கலவை அறையில் அதற்கும் குறைவு. இரும்புக் கருவி ஆகாது. மரம், பித்தளை, அலுமினியம் ஆகும். பாலியெஸ்டர் சேலை ஆகாது, பருத்தி ஆகும். ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறைக்கும் எத்தனை மீட்டர் என்பது விதியில் எழுதப்பட்ட இடைவெளி. ஓர் அறை போனாலும் பக்கத்து அறை பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த இடைவெளியின் கணக்கு. அந்த ஓர் அறைக்குள் இருக்கிற நாலு பேரைப் பற்றி இடைவெளி எதுவும் சொல்வதில்லை.

ராக்கெட் செய்வது பார்க்க எளிதாக இருக்கும். காகிதத்தைப் பசை தடவிக் குழாயாகச் சுருட்டுகிறார்கள். மருந்து சேராத வேலை என்பதால் இது வீட்டுத் திண்ணையிலும் நடக்கும். குழாய்களை நெருக்கி அடுக்கி ஒரு வளையத்துக்குள் இறுக்கினால், மேலிருந்து பார்க்கத் தேனடை மாதிரி இருக்கும். அடியில் களிமண் இட்டு இடிக்கிறார்கள். நடுவில் ஒரு சின்னத் துளை விட்டு மிச்சத்தை மண் அடைத்துக்கொள்ளும். அதன் மேல் மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த மருந்து, அதில் பெரும்பங்கு வெடியுப்பு. இடிக்கும்போது நடுவில் ஊசி போன்ற ஒரு அச்சு நிற்பதால் மருந்துக்குள் கூம்பாக ஒரு பொள்ளல் விழுகிறது. ராக்கெட்டின் சூட்சுமமே அந்தப் பொள்ளலில்தான். அது இல்லாவிட்டால் மருந்து கீழிருந்து மேலாக மெதுவாக எரிந்து, தரையிலேயே சீறிவிட்டு அடங்கும். பொள்ளல் இருந்தால் உள்சுவர் முழுக்க ஒரே நேரத்தில் தீப்பிடிக்கிறது, வாயு பொங்குகிறது, களிமண் துளை வழியாக அத்தனையும் கீழே பீறிடுகிறது, குழாய் மேலே போகிறது.

குச்சி அழகுக்காக இருக்கிறது என்று சின்ன வயதில் பலரும் நினைத்திருப்போம். குச்சியை ஒடித்துவிட்டு ராக்கெட்டைப் பற்றவைத்த பையன்களுக்கு உண்மை தெரியும். அது எதிர்வீட்டுக்குள் போயிருக்கும், அல்லது அவர்களையே துரத்தியிருக்கும். நீளக் குச்சி சேரும்போது எடை மையம் பின்னுக்கு நகர்ந்து, குழாய் தலைகுப்புறக் கவிழாமல் நேராகப் போகிறது. இத்தனை ஏற்பாட்டிலும் அது பறப்பது சில விநாடிதான். குழாயின் தலையில் இருக்கிற வெடி மருந்தோ வண்ண மணிகளோ அதற்குள் வெடித்துவிடும்.

அந்த வண்ண மணிகளில் முன்பு பச்சை எளிதாக வரும். பேரியம் நைட்ரேட்டுக்கு இங்கே பச்சை உப்பு என்று பெயர். பச்சை நிறத்துக்கும் வெள்ளை ஒளிக்கும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை சொன்னது, சரவெடியையும் தடுத்தது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. ஆலைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து 2019-இல் திறந்தன. பிறகு பசுமைப் பட்டாசுச் சூத்திரங்கள் வந்தன. பழைய பட்டாசைவிடப் புகைத்துகள் குறைந்தது 30 விழுக்காடு குறையும் என்பது அவற்றின் கணக்கு. அந்தச் சூத்திரங்களை உருவாக்கிய தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், நீரி, இருப்பது நாக்பூரில்.

ஆலைக்கு உரிமம் தருகிற மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகமும் நாக்பூரில்தான். அதனால் இந்த வட்டாரத்தில் நாக்பூர் என்பது ஊர்ப் பெயராகப் புழங்குவதில்லை. "அது நாக்பூர் லைசென்ஸ் ஆலை", "அவருக்குச் சென்னை லைசென்ஸ்தான்", "அது டி.ஆர்.ஓ. லைசென்ஸ்" என்று ஆலையின் அந்தஸ்தைச் சொல்ல அது பயன்படும். டீக்கடையில் நாளைக்குப் பத்துத் தடவை நாக்பூர் காதில் விழும். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். நம் ராக்கெட் அந்த ஊர் வழியாகப் போகப் போகிறது.

இதற்கு நடுவே இன்னொரு தூரமும் உண்டு, நான்கு மீட்டர். வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி வைத்த கருவியில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999-இல் வந்த விதி. பெட்டிக்கு வெளியே ஆலையின் பெயர், எடை, பசுமை முத்திரை, கியூஆர் குறியீடு. லேபிள் சிவகாசி ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் அடித்ததாகத்தான் இருக்கும். டெல்லிக் குழந்தைக்குப் பிடிக்கிற மாதிரி ராக்கெட், நிலா, சிரிக்கிற பொம்மை எல்லாம் அதில் இருக்கும். அந்த ராக்கெட்டுக்கு ஜன்னல்கூட வைத்திருப்பார்கள்.

பெட்டிகள் கேஸ் ஆகி, கேஸ்கள் லாரி செட்டுக்கு வருகின்றன. புரட்டாசி நெருங்கினால் அங்கே பேச்சு எல்லாம் சுருக்கம்தான்.

"அண்ணாச்சி, டெல்லி லோடு என்னைக்கு?"

"வண்டி வந்தாச்சு தம்பி. பேப்பர் வரல."

பேப்பர் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

விமானத்தில் ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்டால் லாரி செட்டில் சிரிப்பார்கள். பயணிகள் பெட்டியில் பட்டாசு கொண்டுபோக எந்த விமானத்திலும் இடமில்லை. மதுரை விமான நிலையத்தில் தடைசெய்த பொருள்களின் படப்பலகையில் அதன் படமும் இருக்கும். சரக்காக அனுப்புவதற்கும் உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதிகள் உண்டு. பட்டாசுகளுக்கு ஐ.நா. எண்கள் 0333-இலிருந்து 0337 வரை. எது கூட்டமாக வெடிக்கும், எது எரிந்து மட்டும் போகும், எது பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும் என்று தரம் பிரித்து இந்த எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்தானவை எந்த விமானத்திலும் ஏறக் கூடாது. சாதுவானவற்றில் சிலவற்றை மட்டும், பொதிக்கு இத்தனை கிலோ என்ற கட்டில் ஏற்றலாம். ஒரு லாரி லோடு ராக்கெட்டுக்கு அதெல்லாம் ஆகிற காரியமில்லை. கூலியைக் கேட்டாலே ராக்கெட் தரையில் இறங்கிவிடும்.

ரயில்? சிவகாசிக்கு ரயில் 1927-இலேயே வந்துவிட்டது, விருதுநகர் தென்காசிப் பாதையில். ஆனால் பெட்டியில் பட்டாசோடு ஏறினால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவு பிடிக்கும். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரயில்வே போலீஸ் சிவகாசி, விருதுநகர், மதுரை மேடைகளில் பையைத் திறக்கச் சொல்வது வருடாந்திரச் சடங்கு. சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளை ஊரிலிருந்து ஒரு பை மத்தாப்பு கொண்டுபோக முடியாமல், சென்னையிலேயே சிவகாசிப் பட்டாசைக் கூடுதல் விலைக்கு வாங்குகிற கூத்து இதனால்தான் நடக்கிறது.

ஆக லாரி. லாரி கிளம்ப மின்வழி ரசீது வேண்டும். புழக்கத்தில் அது ஈ-வே பில். அனுப்புகிறவரின் பின்கோடு, வாங்குகிறவரின் பின்கோடு இரண்டையும் போட்டால் தூரத்தைக் கணினியே சொல்லிவிடும். அதன்மேல் பத்து விழுக்காடு வரை கூட்டிக்கொள்ளலாம். வானத்தில் 2,120 கிலோமீட்டராக இருந்தது சாலையில் 2,600-ஐத் தாண்டுகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 ஜனவரியிலிருந்து ரசீதின் ஆயுள் கணக்கு. அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். டெல்லி லோடுக்குப் பதினான்கு நாள் கிடைக்கும். விமானக் கம்பெனி மூன்று மணி நேரம் என்கிறது, ஜிஎஸ்டி பதினான்கு நாள் என்கிறது. இரண்டும் ஒரே இரண்டு ஊருக்கு நடுவில் உள்ள காலம்தான். ஜிஎஸ்டி பட்டியலில் சரக்கின் தலைப்பு எண் 3604. அந்தத் தலைப்பின் கீழ் பட்டாசோடு மழை ராக்கெட், மூடுபனி எச்சரிக்கை வெடி என்றெல்லாம் உண்டு. 2017 ஜூலையில் இதற்கு 28 விழுக்காடு வரி போட்டார்கள், சிவகாசி கடையடைத்தது, அதே வருடம் 18-ஆகக் குறைந்தது.

லாரி விருதுநகரில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடிக்கிறது. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிற சாலை. இனி டெல்லி வரைக்கும் இந்த எண்தான். மதுரை, திண்டுக்கல், கரூர், காவிரியைத் தாண்டி நாமக்கல். லாரிக்கு நாமக்கல் பிறந்த வீடு மாதிரி, பாடி கட்டுகிற பட்டறைகள் நிறைந்த ஊர். டிரைவர்கள் பலருக்கும் உண்மையிலேயே வீடு அந்தப் பக்கம்தான் என்பதால் ஒரு சாப்பாடு அங்கே ஆகிவிடும். சேலத்துக்கு அப்பால் தொப்பூர் கணவாய். எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு இறக்கம், பிரேக் சூடேறிப் பல லாரிகளைக் காவு வாங்கிய இடம். வடக்கே போகிற பட்டாசு வண்டிக்கு அது ஏற்றம், ஊர்ந்துதான் ஏறும்.

ஓசூர் தாண்டியதும் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி. 2023 அக்டோபர் 7 அன்று, இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கில் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. பதினான்கு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சீசன் வேலைக்கு வந்த இளவயதுப் பையன்கள். பத்தே நாள் கழித்து, அக்டோபர் 17 அன்று, எம். புதுப்பட்டி காவல் நிலைய எல்லைக்குட்பட்ட ரெங்கபாளையத்தில் ஓர் ஆலை வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அதற்கு முன் 2012 செப்டம்பர் 5, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது உயிர். விபத்து நடந்தவுடன் உள்குத்தகை, அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, மரத்தடியில் வேலை என்று ஒரே பட்டியல் திரும்பத் திரும்ப வரும். எல்லாமே அந்த இடைவெளி மீட்டர்களை யாரோ விழுங்கிய கதைதான். நிலம் இந்த வட்டாரத்தில் அத்தனை விலையும் இல்லை. ஆனால் தீபாவளி நெருங்க நெருங்க, அறைக்கும் அறைக்கும் நடுவில் கிடக்கிற காலி இடம் சும்மா கிடப்பதாகத் தோன்றிவிடுகிறது.

பெங்களூருக்குள் லாரி நிற்பதில்லை, சுற்றிக்கொண்டு போகும். ராக்கெட் என்ற சாதிக்கே அது ஒரு வகையில் சொந்த ஊர். ஹைதர் அலியும் திப்புவும் காகிதக் குழாயை விட்டு இரும்புக் குழாய்க்கு மாறியவர்கள். குழாய் வலுவாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் தூரம் கூடும்; ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை அதன் கையில் பட்ட பாட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மிச்சமிருந்தவற்றில் சில கப்பலேறி இங்கிலாந்து போய், காங்கிரீவ் என்பவர் அங்கே தன் ராக்கெட்டைச் செய்ய வழிகாட்டின. எம். புதுப்பட்டி ராக்கெட்டுக்கு அந்த வம்சப் பெருமை எல்லாம் வேண்டாம். காகிதக் குழாய் போதும், மாடி உயரம் போதும்.

அனந்தபூர், துங்கபத்திரை கரையில் கர்னூல், கிருஷ்ணா, ஐதராபாத், கோதாவரி, ஆதிலாபாத். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ வண்டி மராட்டியத்துக்குள் நுழைகிறது. பருத்திக்காடு, நம் ஊர் மாதிரியே கரிசல். அங்கே ஹிங்கண்காட் என்று ஒரு சின்ன ஊர் வரும். எந்த டிரைவரும் நிறுத்துகிற இடமில்லை, ஆனால் தூரத்தைப் பற்றி எழுதுகிறவன் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வில்லியம் லாம்டன் 1823 ஜனவரியில் இறந்த ஊர் அது.

1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலியால் ஒரு கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கக் கிளம்பியவர் லாம்டன். நாட்டின் நடுவே தெற்கு வடக்காக, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து ஒரு நீண்ட வில்லை இழுத்துக்கொண்டு போனார். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதியது. உட்கார்ந்து வாரக்கணக்கில் அவரே சரிசெய்தார். இருபது வருடத்தில் அவர் வந்து சேர்ந்த தூரம் ஹிங்கண்காட். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் இமயம் வரை கொண்டுபோனார். லாம்டன் அளந்த கோட்டை ஒட்டித்தான் இன்றைய 44-ஆம் சாலை பெரும்பாலும் ஓடுகிறது. நம் ராக்கெட்டும் அதே கோட்டில்தான் போகிறது. அவர் இருபது வருடத்தில் கடந்ததை லாரி நாலு நாளில் கடந்துவிடுகிறது.

அடுத்தது நாக்பூர். நகர மத்தியில் சுழியக் கல் என்ற தூண் நிற்கிறது. நில அளவைத் துறை நட்டது. அங்கிருந்து ஐதராபாத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் எத்தனை மைல் என்று அதில் வெட்டியிருக்கும். உரிமம் தருகிற அலுவலகமும் சூத்திரம் தந்த ஆய்வகமும் இதே ஊரில் இருக்க, அந்த உரிமத்திலும் அந்தச் சூத்திரத்திலும் பிறந்த பெட்டி தார்ப்பாய்க்கு அடியில் கேட்பாரற்றுப் புறவழிச் சாலையில் போகிறது. அதில் உள்ள ஒவ்வொரு கிராம் மருந்தும் காகித வடிவில் முன்பே இங்கே வந்து போய்விட்டது. பாதி வழி தாண்டியாயிற்று என்று டிரைவர் இங்கே ஒரு டீ குடிக்கலாம்.

நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிக்காடு. காட்டுக்குள் சாலையைத் தூக்கிப் பாலமாகக் கட்டி, கீழே புலியும் மானும் கடக்க ஒன்பது வழிகள் விட்டிருக்கிறார்கள். பிறகு சிவனி, நர்மதை, சாகர், ஜான்சி, குவாலியர். மொரேனாவைத் தாண்டிச் சம்பல் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் கொள்ளைக்காரர்களுக்குப் பெயர்போனது, இப்போது மணல் லாரிகளுக்கு. ஆக்ரா, மதுரா. இங்கிருந்து டெல்லி எட்டிவிடும் தூரம்தான்.

இங்கேதான் கிலோமீட்டர் கணக்கு முடிந்து நீதிமன்றத் தேதிக் கணக்கு ஆரம்பிக்கிறது.

டெல்லியில் ஜாமா மசூதிக்குப் பக்கத்தில் பாய்வாலான் தெருவிலும் சதர் பஜாரிலும் தலைமுறை தலைமுறையாகப் பட்டாசு விற்றவர்கள் உண்டு. சிவகாசியின் பெரிய வாடிக்கையாளர்களில் டெல்லிக்காரர்களும் சேர்த்தி. 2016 நவம்பரில், தீபாவளிக்குப் பிறகு மூச்சு முட்டிய வாரங்களில், தலைநகர் வட்டாரத்தின் விற்பனை உரிமங்களை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2017 செப்டம்பரில் தளர்த்தி, அக்டோபர் 9-இல் மறுபடி இறுக்கியது. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது, சரக்கு போய் இறங்கியிருந்தது. 2018-இல் பசுமைப் பட்டாசு மட்டும். 2020-இலிருந்து டெல்லி அரசே வருடா வருடம் தடை. 2024 டிசம்பரில் வருடம் முழுவதற்குமான தடை.

டெல்லியின் காற்றைச் சுவாசித்தவர் யாரும் நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டார். குளிர்காலத் தொடக்கத்தில் காற்று அசையாமல் நிற்கும். வயல் எரிப்புப் புகை, வண்டிப் புகை, கட்டடத் தூசி எல்லாம் கீழேயே தங்கும், அதன் மேல் ஓர் இரவில் ஊரே கூடிக் கொளுத்துகிறது. நம் ஊரில் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிக்கிறோம். சூரியன் ஏற ஏறப் புகை மேலே போய்விடும். அங்கே அமாவாசை இரவு, லட்சுமி பூஜைக்குப் பிறகு. குளிர்ந்த இரவுக் காற்று புகையைத் தரையோடு பிடித்து வைத்துக்கொள்ளும். 2018 தீர்ப்பு இரவு எட்டிலிருந்து பத்து வரை என்று நேரம் குறித்தபோது, எங்களுக்குக் காலையில்தான் தீபாவளி என்று தமிழ்நாடு போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. காலை 6-7, மாலை 7-8 என்று நம் நேரம் அப்படி வந்ததுதான். ஒரே தீர்க்கரேகையில் இருக்கிற இரண்டு ஊர்களில் பண்டிகை மட்டும் ஒரு பகல் தள்ளி நிற்கிறது.

ஆனால் குறை சொல்ல ஒன்று உண்டு, அது தேதி. சிவகாசியின் வருடம் தீபாவளிக்கு அடுத்த மாதமே தொடங்கிவிடும். வடக்கத்தி வியாபாரிகளின் ஆர்டர் வருடத் தொடக்கத்தில் வந்துவிடும், ஆடிப்பெருக்கு அன்று உள்ளூர்க் கடைகள் பூஜை போட்டு விற்பனை ஆரம்பிக்கும். ஒரு ராக்கெட்டின் குழாய் சுருட்டப்படும்போது அது எந்த ஊரில் வெடிக்கலாம் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பதில் பண்டிகை நெருங்கிய பிறகுதான் வருகிறது.

2025-இல் பதில் வந்த நாள் அக்டோபர் 15. டெல்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசு விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. விற்பனை 18-ஆம் தேதி தொடக்கம். வெடிக்க 19, 20 இரண்டு நாள், காலை ஆறிலிருந்து ஏழு, இரவு எட்டிலிருந்து பத்து. தீபாவளி 20. சிவகாசியில் பலர் வெடி போட்டுக் கொண்டாடியிருக்கக்கூடிய செய்திதான். ஆனால் 15-க்கும் 18-க்கும் நடுவில் இருப்பது மூன்று நாள். 15-ஆம் தேதி சாயங்காலம் எம். புதுப்பட்டியில் லோடு ஏற்றினாலும், விற்பனை தொடங்கும் அன்று வண்டி நாக்பூர்ப் பக்கம்தான் நிற்கும். இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டி, சுங்கச்சாவடியிலும் செக்போஸ்ட்டிலும் யாரும் மறிக்காமல் இருந்தாலும், டெல்லிக்குள் நுழையும்போது பண்டிகை ஆகியிருக்கும் அல்லது ஆகிக்கொண்டிருக்கும். அந்த மூன்று நாளில் டெல்லி போய்ச் சேரக்கூடியவை விமானமும் ரயிலும்தான். இரண்டிலும் ராக்கெட்டை ஏற்ற மாட்டார்கள்.

முன்கூட்டியே தைரியமாகச் சரக்கு எடுத்துக் கிடங்கில் வைத்திருந்தவருக்கு அந்த வருடம் யோகம். மற்றவர்களுடைய பெட்டிகள் வழக்கம்போல சாகரிலும் ஜான்சியிலும் குவாலியரிலும் இறங்கிவிடும். அங்கேயும் தீபாவளி உண்டு, அதற்குப் பின்னால் கல்யாண சீசன் உண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ராக்கெட் இல்லாமல் வடக்கே முடியாது. லாரிக்கு ரிட்டன் லோடு கிடைத்தால் ஒரு வாரம், கிடைக்காவிட்டால் ஆக்ராவில் இரண்டு நாள் காத்திருப்பு. அது விருதுநகர் வந்து திரும்புகிற நேரத்துக்கு எம். புதுப்பட்டியில் விடுமுறை முடிந்து, அடுத்த வருடத்துக் குழாய்களுக்குக் காகிதம் வந்து இறங்கியிருக்கும்.